சுவிஸ் சம்பந்தமும் ரிக்கெற் கடையும்

விமான ரிக்கெற் விற்கிறவனுக்கு உலகத்தில் எல்லா ஊரும் அத்துப்படி என்று சனம் நம்புகிறது. உண்மையில் அவனுக்குத் தெரிந்தது எந்த ஊருக்கு எத்தனை பெட்டி கொண்டுபோகலாம் என்பது மட்டும்தான். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பிளாசாவில், பல் வைத்தியருக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் என் கடை இருக்கிறது. ஒரு பக்கத்தால் துளைக்கிற சத்தம், மறுபக்கத்தால் கொத்துகிற சத்தம். நடுவில் இருந்து நான் சனத்தை நாடு நாடாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அடிக்கடி அனுப்புவது சுவிஸுக்கு. நான் அங்கே ஒருநாளும் போனதில்லை.

கவுண்டருக்குப் பின்னால் இருந்து பிழைக்கிற எவருக்கும் இது விளங்கும்: நாங்கள் விற்பது ஒன்று, வந்தவர் கேட்பது வேறொன்று. பக்கத்து ஊர் பிக்கரிங்கில் இருக்கும் சிவநேசன் அண்ணை என்னிடம் வந்தது ஒரு பஸ் கொள்ளக்கூடிய சொந்தக்காரருக்கு ரிக்கெற் போட. அவருடைய ஒரே மகள் அபிக்கும் சுவிஸில் இருக்கும் கஜன் என்ற பெடியனுக்கும் அங்கேயே கல்யாணம். ரிக்கெற்றை நான் ஒரு பின்னேரத்தில் போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்த நாட்டை விளங்கப்படுத்தத்தான் ஒரு வருசம் போனது.

கடற்கரை ஹோட்டல்

முதல் நாளே அண்ணை கேட்டது கடலைப் பார்த்த மாதிரி ஒரு ஹோட்டல். சுவிஸில் கடல் இல்லை என்றேன். அவர் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பிறந்தவர். கடல் இல்லாத நாடு ஒன்று இருக்கலாம் என்பதை அவர் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டார்; அங்கே தன் மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிறார் என்பதை ஏற்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கொம்பியூட்டரைத் திருப்பி வரைபடத்தைக் காட்டினேன். ஏரி இருக்கிறது, மலை இருக்கிறது, எங்கு பார்த்தாலும் ரயில் பாதை இருக்கிறது என்று என்னால் இயன்ற மட்டும் வியாபாரம் பேசினேன். அவர் விரலை வைத்து எல்லையைச் சுற்றிக்கொண்டு போனார். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஒஸ்ரியா, அதுக்குள் பொட்டு மாதிரி ஒரு நாடு, லிக்ரன்ஸ்ரைன். சுற்றி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சுத்திவர அஞ்சு நாடு. ஒரு பக்கமும் தண்ணியில்லை. சண்டை கிண்டை வந்தா உந்தச் சனம் எந்தப் பக்கத்தாலை ஓடுறது தம்பி?”

வியாழக்கிழமை முறை

அண்ணையின் மனைவி வதனி அக்கா அடுத்த கிழமை தனியாக வந்தார். ரிக்கெற்றில் பெயர் எழுத்து சரியா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். எழுத்து சரியாகத்தான் இருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு காது. மாப்பிள்ளை ரயில்வேயில் எஞ்சினியர், நல்ல பெடியன், குடி கிடி ஒன்றும் இல்லை, எல்லாம் சரி. ஆனால் வாடகை வீடு. மாப்பிள்ளை மட்டும் இல்லை, தாய் தகப்பனும் முப்பது வருசத்துக்கு மேலாக வாடகை வீட்டில்தான். அக்காவின் வீட்டில் காருக்கே இரண்டு அறை.

சுவிஸில் டொக்டர்மாரும் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள், அங்கே அது குறைச்சல் இல்லை என்று நான் சொன்னேன். அதை அவர் தாண்டிவிட்டார். தாண்ட முடியாமல் நின்றது உடுப்புத் தோய்க்கிற விசயத்தில். அந்தக் கட்டடத்துக்குக் கீழே ஒரே ஒரு தோய்க்கிற அறை. ஆளுக்கொரு நாள். ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கும் இல்லை, சத்தம் போடக்கூடாது. எங்கட முறை வியாழக்கிழமை என்று சம்பந்தியம்மா வலு பெருமையாகச் சொன்னாராம்.

“இஞ்சை பேஸ்மென்றிலை வாடகைக்கு இருக்கிற பெடியன்கூட நினைச்ச நேரம் தோய்க்கிறான். என்ர பிள்ளை வியாழக்கிழமை வருமட்டும் ஊத்தை உடுப்போடை இருக்கிறதோ?”

தொட்டில்

உண்மையான சிக்கல் இதுக்குப் பிறகுதான் வந்தது. கல்யாணம் முடிந்து மூன்று நான்கு மாதத்தில் கஜன் ரொறன்ரோவுக்கு வந்துவிடுவான் என்பதுதான் பேச்சு. வதனி அக்கா மேல்மாடியில் அவர்களுக்கு அறையும் ஒழுங்கு செய்துவிட்டார். அப்போதுதான் கஜன் சுவிஸ் பிரஜை இல்லை என்பது தெரியவந்தது. அங்கே பிறந்தவன், அங்கே படித்தவன், இங்கிலீசைவிட ஜெர்மன் நன்றாகக் கதைக்கிறவன். ஆனால் பிறந்தால் மட்டும் அந்த நாட்டில் பிரஜை ஆக முடியாது. தாய் தகப்பன் வெளிநாட்டவர் என்றால் பிள்ளையும் வெளிநாட்டவன்தான். விண்ணப்பிக்க வேண்டும், விசாரிப்பார்கள், பிறகு அவன் இருக்கிற சின்ன ஊரின் சனம் சபை கூடிக் கையை உயர்த்திச் சம்மதிக்க வேண்டும். அந்தச் சபை வருசத்தில் இரண்டு தரம்தான் கூடும்.

சம்மதித்தால் அவன் கனடாவுக்கு வரலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். சம்மதிக்காவிட்டால், ஊரை விட்டுக் கிளம்பிய சில மாதத்தில் அவனுடைய வதிவிட அனுமதி செத்துப் போகும். பிறந்த நாட்டுக்கே விசிற்றராகத்தான் போகவேண்டும். அப்படி நடந்தால் அவனைக் கனடாவுக்குக் கூப்பிட மாட்டேன், நான் அங்கேயே போய் இருக்கிறேன் என்று அபி முதலே சொல்லிவிட்டாள். ஆகவே ஒரே பிள்ளை பிக்கரிங்கில் இருப்பதா இல்லையா என்பது எங்கேயோ ஒரு மலையடிவாரத்தில் மாடு வளர்க்கிறவர்களின் கையில். அண்ணை இதை என் கடையில் நின்றுகொண்டே போனில் கேட்டு அறிந்தார். போனை வைத்தபின் என்னைத்தான் ஏசினார்.

“அங்கை பிறந்தவன் அந்த நாட்டுக்காரன் இல்லையெண்டால், ஆஸ்பத்திரியிலை தொட்டில் குடுத்தது விருந்தாளிக்கோ?”

பெரிய இடம்

சிவநேசன் அண்ணைக்கு எந்தச் சிக்கலுக்கும் ஒரே வைத்தியம்தான்: பெரிய இடத்தில் ஆளைப் பிடிப்பது. கவுன்சிலர், எம்பி என்று பொங்கல் விழாவுக்கு வந்த எல்லோருடனும் தோளில் கை போட்டுப் படம் எடுத்து வைத்திருக்கிறார். சுவிஸ் ஜனாதிபதி ஆர் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சம்பந்தியாருக்குப் போன் போட்டார். அவர் ரெஸ்ரோரன்ற் குசினியில் நின்றபடி கொஞ்சம் யோசித்தார், பக்கத்தில் நின்றவரைக் கேட்டார், அவரும் யோசித்தார். அங்கே ஏழு பேர் சேர்ந்து நாட்டை நடத்துகிறார்கள், அதில் ஒருவர் மாறி மாறி ஒரு வருசத்துக்கு ஜனாதிபதியாக இருப்பார், போன வருசத்து ஆளின் பெயர்தான் வாயில் வருகிறது என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். இருபத்தாறு மாநிலம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், ஆனால் இந்த விசயத்தில் முதலில் கேட்பது ஊர்ச்சபையைத்தான், ஜனாதிபதியே வந்து சொன்னாலும் ஊர்ச்சனம் பிறத்தி ஆளின் பேச்சைக் கேட்காது என்றும் அந்த மனிதர் விளக்கினார். அண்ணை கதிரையில் இருந்துவிட்டார். நான் ஒரு பிளேன்ரீ எடுப்பித்துக் கொடுத்தேன்.

“ஆரைப் பிடிக்கிறதெண்டே தெரியாத நாட்டிலை மனிசன் எப்பிடியடாப்பா சீவிக்கிறது?”

மாட்டு நேரம்

ஐயரிடம் கேட்டு ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் காலை முகூர்த்தம் எடுத்திருந்தார்கள். பின்னேரம் ரிசெப்சன். மண்டபம், சாப்பாடு, பூ எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஊர்ச்சபையும் அதே வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கூடுகிறது என்று கஜன் செய்தி அனுப்பினான். விண்ணப்பித்தவன் அங்கே நிற்க வேண்டும். அண்ணை அபியையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஏன் என் கடைக்கு என்று கேட்காதீர்கள். அவர் பார்வையில் சுவிஸ் என் பொறுப்பு. என் கடைப் போனிலேயே சபைத் தலைவரை எடுத்தார்கள். தலைவர் என்றால் கோட் போட்டவர் இல்லை. பால் பண்ணைக்காரர், மிச்ச நேரத்தில் தலைவர். ஓரளவு இங்கிலீஸ் கதைத்தார்.

எங்கள் சமயத்தில் நல்ல நேரம் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்து வைத்த கல்யாண நாளை மாற்ற முடியாது, நீங்கள் சபையை அடுத்த நாளுக்கு மாற்றினால் பெரிய உபகாரம் என்று அபி பக்குவமாகச் சொன்னாள்.  தலைவர் சொன்ன பதிலை அபி தமிழில் சொன்னாள். அண்ணை முதன்முறையாக அந்த ஊர்ப் பேச்சை மரியாதையோடு தலையாட்டிக் கேட்டார். ரிசெப்சன் சனிக்கிழமைக்குப் போனது.

“அப்பா, ஹீ சேய்ஸ், அவையளுக்கும் ஒரு நல்ல நேரம் இருக்காம். மாடு கறந்து முடிஞ்ச பிறகுதான் ஆக்கள் வருவினமாம். மாட்டிட்டை கேட்டு அவராலை மாத்த ஏலாதாம்.”

சொன்ன நேரம்

கல்யாணத்தன்று மத்தியானம் போன் வந்தது. அங்கே பின்னேரம். தாலி கட்டியாகிவிட்டது, எல்லோரும் பட்டு வேட்டி சேலையோடு ரயிலில் அந்த ஊருக்குப் போகிறார்கள். வழியில் ஓரிடத்தில் ரயில் மாற நாலு நிமிசம். ரொறன்ரோச் சனத்துக்கு நாலு நிமிசம் என்றால் பிந்தி வருகிற ரயில் மேலும் பிந்துகிற நேரம். வதனி அக்காவின் தமையன் அந்த நேரத்துக்குள் கோப்பி வாங்கப் போயிருக்கிறார். திரும்பி வரும்போது பிளாற்போமில் ஒருவரும் இல்லை, ரயிலும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பலகாரப் பெட்டி மட்டும் அவர் கையில். அடுத்த ரயிலுக்கு எந்தப் பக்கம் போவதென்று சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு அது போதவில்லை, என்னிடம் முறைப்பாடும் செய்தார்.

“சொன்ன நேரத்துக்கே எடுத்திட்டாங்கள் தம்பி! உப்பிடியும் ஒரு நாடோ?”

கைகள்

சபையில் நடந்ததைச் சிவநேசன் அண்ணை திரும்பி வந்து கடையில் நடித்தே காட்டினார். ஊர் மண்டபம். நடுவில் ஊர்க்காரர், சுவரோரக் கதிரைகளில் விருந்தாளிகள். நெற்றியில் விபூதியும் கொண்டையில் பூவுமாக ஒரு வரிசை பிக்கரிங் சனம். கஜனை வெளியே போகச் சொன்னார்கள். ஆளைப் பற்றிக் கதைக்கும்போது ஆள் நிற்கக்கூடாதாம். தலைவர் அந்த ஊர்ப் பாசையில் ஏதோ கேட்டார். அபி போனில் படித்த ஜெர்மன் அது இல்லை, அவளுக்கும் பிடிபடவில்லை. நடுவில் இருந்தவர்கள் கைகளை உயர்த்தினார்கள். அதைப் பார்த்ததும் எங்கள் சனமும் உயர்த்திவிட்டது. சபை என்றால் எல்லோரும் செய்வதைத்தானே நாங்களும் செய்வோம். வதனி அக்கா தேர் வந்த மாதிரி இரண்டு கையையும் உயர்த்திவிட்டார்.

எண்ணிக்கொண்டு வந்த மனிதர் சுவரோரம் வந்ததும் தடுமாறி நின்றுவிட்டார். ஊருக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. விருந்தாளிகள் தயவுசெய்து கையை இறக்குங்கள் என்று இங்கிலீசில் சொல்லி மறுபடியும் கேட்டார்கள்.  எங்களாலை பெடியனின் காரியம் கெட்டுப் போச்சோ என்று அண்ணை பயந்துபோனாராம். கைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வயசாளி திரும்பி வதனி அக்காவை ஒருதரம் பார்த்தார், பிறகு அவரும் உயர்த்தினார். கஜனை உள்ளே கூப்பிட்டுக் கை கொடுத்தார்கள். பலகாரம் சுற்றி வந்தது. தலைவர் சுவர்ப் பக்கம் திரும்பி ஒன்று சொன்னாராம்.

“அடுத்த விசயம் சாக்கடைக் குழாய். அதுக்கு நீங்கள் கை உயர்த்த வேண்டாம்.”

ஒரு ரிக்கெற்

கல்யாணத்துக்குப் பிறகு அபி லீவு போட்டு அங்கேயே நின்றாள். மிச்சக் கடதாசி வேலை முடிந்ததும் இருவரும் சேர்ந்து வருவதாக ஏற்பாடு. இலை உதிரத் தொடங்கிய நேரம் வதனி அக்கா என் கடைக்கு வந்தார். கஜனுக்குக் கடவுச்சீட்டு வந்துவிட்டதாம். மருமகனின் ரிக்கெற்றைத் தானே எடுத்துக் கொடுக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. எந்தத் திகதி என்று கேட்க அபிக்குப் போன் போட்டு மேசையில் வைத்தார். அந்தப் பக்கத்தில் அபி திகதி சொல்லவில்லை. இவ்வளவு காலமும் எங்கே ஏலாது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தோடேயே கஜன் இந்த ஊரில் இருந்தான் அம்மா, இப்போதுதான் பயமில்லாமல் கடைக்குப் போகிறான், வழியில் நின்று கதைக்கிறான், இருந்து பார்க்கட்டும், எனக்கும் இங்கே வேலை கேட்டிருக்கிறேன் என்றாள்.

வதனி அக்கா அழுதார்.    அந்தச் சனம் கை உயர்த்தினது அவன் இஞ்சை வாறதுக்குத்தானே பிள்ளை என்று அக்கா கேட்டார். அபி கோபிக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

“நோ அம்மா. அவை உயர்த்தினது அவர் இஞ்சை, இந்த ஊரிலை இருக்கிறதுக்கு. நீங்களும்தானே உயர்த்தினனீங்கள், ரெண்டு கையும்.”

விருந்தாளியின் கையைச் சுவிஸில் எண்ணுவதில்லை என்றாலும் பெற்ற பிள்ளை எண்ணிவிடும் என்பதால், இப்போதெல்லாம் அந்தப் பக்கம் சம்பந்தம் செய்கிறவர்களுக்கு இரண்டு பெட்டி கொண்டுபோகலாம், கையை மட்டும் மடியில் வைத்திருங்கள் என்று சொல்லித்தான் ரிக்கெற் கொடுக்கிறேன்.