மூட்டை விழும் காட்சிக்கு வாசித்தவர்கள்

நாடகத்துக்கு வாத்தியம் வாசிக்கிறவர்களுக்குக் கைதட்டல் கடைசியில்தான் வரும். அடி முதலிலேயே வந்துவிடும். இந்தத் தொழிலில் நொந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ராயபுரத்தில் முதல் நாள்

நான் ஹார்மோனியம். என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் சாக்ஸபோன். கல்யாண பேண்டில் கற்றுக்கொண்டது. நாடகம் என்றால் பாட்டுக்குப் பாட்டு ராகம் இழுத்த காலம் அது. நாங்கள் துறைமுகக் கூலி ஒருவனின் கதையை எடுத்தோம். கிரேனிலிருந்து மூட்டை விழுந்து அவன் சாகிற இடத்தில் வசனமே கிடையாது. மேடை நடுவில் நின்று அவர் ஊதுவார், அவ்வளவுதான்.

ஊதி முடித்தார். ஒருவரும் கைதட்டவில்லை. அழுகிய முட்டை வரப்போகிறது என்று நான் பெட்டிக்குப் பின்னால் குனிந்தேன். முன்வரிசையில் ஒரு மீன்காரம்மா எழுந்து கத்தினார்: "யோவ், அந்தக் கொம்ப கீழ வையி! என் புள்ள ஆர்பருக்கு வேலைக்குப் போயிக்கீறான்!"

வீட்டுக்கு வந்தவர்

நாடகம் நாலு இடத்தில் பேசப்பட்டதும் ஒரு மேஸ்திரி திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கப்பலுக்குக் கூலி ஆள் பிடித்துக் கொடுப்பவர். அவரிடம் வேலை செய்த ஒருவன் அப்படித்தான் செத்திருந்தானாம். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. சொன்னால் நம்புகிற முகமா அது?

என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்து, சாக்ஸபோனை எடுத்து மடியில் வைத்துத் தடவினார். குரல் உயரவே இல்லை. "பாட்டு நல்லா கீதாம். அந்த மூட்ட வுழற சீனு மட்டும் வாணாம்மா. ஊதுறவருக்கு வாய் ஒண்ணுதான கீது?"

டோல்கேட்

"எடுத்துடலாமா மேரி?" என்றார் என் வீட்டுக்காரர், விஷயத்தைக் கேட்டதும். "எடுத்துடுங்க" என்றேன். அப்படித்தான் முடிவு செய்து எங்கள் பேட்டைக்குப் பக்கத்து டோல்கேட்டில் மேடை ஏறினோம். மேஸ்திரியின் ஆட்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். அந்த இடம் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டத்தான் நினைத்தேன். விரல் சுருதியைப் பிடித்துவிட்டது. அவர் ஊத ஆரம்பித்தார்.

பாதியில் சத்தம் அறுந்தது. சோடா பாட்டில். வாயைப் பொத்திய கை முழுக்க ரத்தம். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவர் விட்ட இடத்திலிருந்து நான் பாடினேன், வார்த்தை இல்லாமல், வெறும் குரலில். எறிந்தவனை நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். மற்றவர்கள் நின்றபடியே கடைசிவரை கேட்டார்கள்.

உதடு ஆறியும் பல மாதம் அவரால் ஊத முடியவில்லை. அந்தக் காட்சியை ஊர் ஊராக நான்தான் பாடினேன். ஆனால் அன்று ஆஸ்பத்திரியில், அவர் வாய் இருந்த கோலத்தில், உயிர் பிழைத்தால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். கிட்டே வா என்று சைகை காட்டினார். காதை வைத்தேன். தையல் போட்ட உதட்டால் மெல்லச் சொன்னார்: "நீ பாடறப்ப சுருதி எறங்கிடுச்சு, மேரி."

மேஸ்திரிக்குப் பயந்து பாதி ஆயுள் போயிற்று என்றால், மீதியை இந்த மனுஷன் காதுக்குப் பயந்தே கழித்தேன்.