ராமபத்ரனின் பச்சை டயரி

விரலை நாக்கில் தொட்டு, பச்சை டயரியில் ஒரு தாளைப் புரட்டி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அப்புறம் மேஜை முழுக்கக் கண்ணாடியைத் தேடுகிறார் ராமபத்ரன். பாலக்காட்டிலுள்ள அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறைக்குப் பத்தொன்பது வருஷமாக அவர்தான் ராஜா. நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கும் முந்நூற்றுச் சொச்சம் டேபிள்களில், அதாவது அட்டவணைகளில், எதில் என்ன இருக்கிறது என்பதைத் தேதி போட்டு, நீல மையில், அந்த டயரியில் எழுதி வைத்திருக்கிறார். கல்பாத்தியிலிருந்து டிபன் பாக்ஸோடு அதுவும் தினமும் ஸ்கூட்டரில் வந்து போகும். யாரையும் தொட விடமாட்டார்.

"மெஷினை நம்பப்படாது, கேட்டயா? எழுதி வச்சதாக்கும் நிக்கும்."

அவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதமாக இதைக் கேட்டு நர்மதாவுக்குக் காது புளித்துவிட்டது. எந்த டேபிளில் எந்த நெடுவரிசை என்று அந்த மெஷினே தனக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. டேபிள்களிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லில் ஒரு வரி கேட்டால் கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். அதைச் சொன்னால், "குறுக்கு வழியொண்ணும் வேண்டாம், குட்டி" என்பார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற ஜென்மம்!

இன்று காலை பைக்கிலிருந்து விழுந்து மயக்கமாக வந்து சேர்ந்தார், கொழிஞ்சாம்பாறை சென்னியப்பன். பதினொரு மணிக்கு ஆபரேஷன். வார்டுத் திரையில் 'அலர்ஜி இல்லை' என்றிருந்தது. அவர் மனைவி மயிலாத்தாள் கம்ப்யூட்டர் அறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்க, அவருக்கு ஏதோ ஒரு மருந்து ஆகாதுங்க. மூணு வருசம் முந்தி இங்கதானுங்க எழுதிக்கிட்டாங்க. பேருதான் வாயில வரமாட்டேங்குது."

ராமபத்ரன் டயரியைப் பார்த்து, கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தேடினார். "அலர்ஜி நாலு டேபிள்லதான் இருக்கு. நாலுலயும் நோக்கியாச்சு. ஒண்ணும் இல்லை."

"டயரியில ஏறாத டேபிள் இருந்தா என்னங்க சார்?" என்றாள் நர்மதா.

"நான் எழுதாத டேபிளா? நன்னாருக்கு!"

ஒரு மனுஷன் உயிருக்குப் போராடிக் கிடக்கிறான், இவர் கெத்தைப் பார்! நர்மதா கீபோர்டை இழுத்தாள். பெயரில் 'அலர்ஜி' என்று வருகிற நெடுவரிசை எந்தெந்த டேபிளில் இருக்கிறது? ஒரே வரிதான் கேட்டாள். ஐந்து என்று பதில் வந்தது. ஐந்தாவது, மூன்று வருஷம் முன்பு சாப்ட்வேர் மாற்றியபோது தற்காலிகமாகச் செய்து அப்படியே விட்ட டேபிள். பெயரின் வாலில் ராமபத்ரனின் இனிஷியலே ஒட்டிக்கொண்டிருந்தது. சென்னியப்பனின் எண்ணைப் போட்டதும் ஒரு மருந்தின் பெயர் வந்தது; மயிலாத்தாள் பக்கம் திரும்பினாள்.

"பெனிசிலினுங்களா?"

"அதேதானுங்க, அதேதான்!"

நர்மதா ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டுச் சொல்லி முடித்தபோது மணி பத்தே முக்கால். மயிலாத்தாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

ராமபத்ரன் நர்மதாவின் தோளுக்கு மேல் எட்டி அந்த டேபிளின் பெயரைப் பார்த்தார். நீலப் பேனாவைத் தேடி எடுத்து, டயரியில் நாலாவதற்குக் கீழே இருந்த இடுக்கில் அதை எழுதினார். பக்கத்தில் தேதி போட்டார், மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி.