தாய்ப்பூச்சி பொறுக்கிய வாரம்

“உங்க வூட்ல கையெழுத்து போடத் தெரிஞ்ச மொத ஆளே நீதான். என் கொல்லையில எது பூச்சின்னு நீ சொல்லப் போறியா?”

வடக்கனந்தல் பக்கத்தில் ஒரு மரவள்ளிக் கொல்லை. அதன் சொந்தக்காரர் வரப்பில் நின்றபடி என்னிடம் இப்படிக் கேட்டார். அவரிடம் என் அம்மா கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் விலங்கியல் மூன்றாம் ஆண்டு. அன்று விடுமுறை, அம்மாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன்.

செடிகளின் குருத்தெல்லாம் மாவுப்பூச்சி அப்பிச் சுருண்டிருந்தது. ஆறு பெண்கள் ஆளுக்கொரு டப்பாவில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு பூச்சி பொறுக்கினார்கள். “பெருசா, சட சடயா தொங்கிக்கினு ஓடுது பாரு, அதான் தாய்ப்பூச்சி. அத மொதல்ல எடுங்க, குட்டிங்க தானா சாவும்” என்பது அவர் உத்தரவு. பொறுக்குவதில் அம்மாதான் வேகம். அவள் டப்பாவை எட்டிப் பார்த்தேன். அத்தனையும் பொறிவண்டின் புழுக்கள்.

இரண்டின் மேலும் வெள்ளை மெழுகு இருக்கும், பார்வைக்கு ஒரே இனம்தான். ஈர்க்குச்சியால் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மாவுப்பூச்சி செடியில் வாயைக் குத்திக்கொண்டு அப்படியே கிடக்கும். புழு ஓடும். அது மாவுப்பூச்சியையும் அதன் முட்டையையும் தின்று வளர்ந்து, ஆரஞ்சுத் தலையுள்ள சின்னக் கருவண்டாகும். இதைச் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி.

பெண்கள் சிரித்தார்கள். “காலேஜில பூச்சிக்கு ஜாதகம் பாக்கக் கத்துக் குடுக்கறாங்களாடி?” என்றாள் ஒருத்தி. அம்மா நிமிரவே இல்லை. “வாய மூடிக்கினு வூட்டுக்குப் போ. நாளைக்கும் எனக்கு வேல வேணும்.”

போனேன். போகும்போது சோற்றுத் தூக்கில் கொஞ்சம் புழுக்களையும், பூச்சி அப்பிய இலைகளையும் எடுத்துப்போனேன். மூன்றாம் நாள் இலைகளில் ஒரு மாவுப்பூச்சி மிச்சமில்லை. புழுக்கள் மட்டும் கொழுத்திருந்தன. நான்கு புழுக்களை அதே இலையோடு கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிறகு இலையை அம்மாவிடம் நீட்டினார்.

“நீயே அமுக்கு.”

அம்மா கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அமுக்கினாள். வெள்ளை மெழுகுக்கடியிலிருந்து மஞ்சளாக நீர் வந்தது. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப சொல்லும்மா, இதும் பேரு இன்னா?” என்றார் என்னிடம்.

பதினைந்து நாளில் கொல்லை முழுக்க வெளுத்துப்போனது. பொறுக்கியவள் ஒழுங்காகப் பொறுக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லி அம்மாவை மட்டும் நிறுத்தினார். சிரித்தவர்கள் வேலையில் இருந்தார்கள். “உன் வாயாலதான் போச்சு” என்று சொன்ன அம்மா, அதன் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

தூக்கில் மிச்சமிருந்த புழுக்களை நான் கைவிட்டிருக்கவில்லை. அந்த நாட்களிலேயே ஒரு வாளியில் பரங்கிக்காய் வைத்து, அதன் மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, புழுக்களை விட்டு, வாளியை வேட்டித் துணியால் மூடிக் கட்டினேன். வண்டுகள் பெருகின. சொந்தக்காரரின் கொல்லைக்கு அடுத்ததைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் நம்பாமலேதான் வண்டுகளை வாங்கிப்போய்ச் செடிகளில் விட்டார். அவருடைய மரவள்ளி புதிதாகத் துளிர்த்தது. களையெடுக்க அம்மாவைக் கூப்பிட்டார்.

வரப்புக்கு அந்தப் பக்கம் துளிர்த்ததைப் பார்த்துவிட்டு, ஒருநாள் மாலை சொந்தக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். உட்காரச் சொல்லவில்லை நான்.

“அந்த வண்டுல கொஞ்சம் குடும்மா. இருக்கறதாவது தேறும்.”

ஓர் இலையில் இரண்டை வைத்து நீட்டினேன். தோலுரிக்கும் நேரத்தில் புழுவும் ஓடாது. அப்படி அசையாமல் கிடந்த புழுவையும், நல்ல பருத்த மாவுப்பூச்சியையும் தேடித்தான் எடுத்திருந்தேன்.

“எது உங்களுக்கு ஆவாதோ அத அமுக்குங்க. சரியா அமுக்குனா வாளியோட தரேன்.”

வாசலில் நாலு பேர் கூடியிருந்தார்கள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். புழுவை அமுக்கினார்.

“இதும் பேரு இன்னாங்க?” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. “போதும்டி” என்றாள் அம்மா உள்ளிருந்து. அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

எனக்குப் போதவில்லை. அந்தக் கொல்லை அழிந்தால் அன்று சிரித்த ஐந்து பெண்களுக்கும் கிழங்கு பிடுங்கும் வேலை இருக்காது. அது தெரிந்தேதான், அவருக்கு ஒரு வண்டுகூடக் கிடைக்கக் கூடாதென்று மறுநாள் விடிந்ததும் வாளியோடு பஸ் ஏறினேன். நைனார்பாளையத்தில், கேட்டு வைத்திருந்த ஒரு விவசாயியின் கொல்லையில் துணியை அவிழ்த்து, வாளியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த கடைசி வண்டு வரை தட்டிவிட்டேன்.