முழு மறையாக்கம்

ரஞ்சனி தென்னூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தமிழும் ஆங்கிலமும் டைப் அடிப்பவள். மருங்காபுரியில் புருஷனிடம் பட்ட அடி போதும் என்று எட்டு மாதத்துக்கு முன் கிளம்பி வந்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு காம்பவுண்டின் மாடி அறையில் குடியிருந்தாள். அவள் உயிர் அந்த விலாசத்தில்தான் ஒளிந்திருந்தது. அது அவனுக்குத் தெரியக் கூடாது.

காம்பவுண்டு சங்கச் செயலாளர் முருகானந்தம் ஒருநாள் படியேறி வந்தார்.

"ஆதார், போன் நம்பர், சொந்த ஊரு எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல போட்டுவிடும்மா. போலீஸ்ல கேக்குறாங்க."

"யார் யார் பாப்பாங்க சார்?"

"அதுலயே போட்டிருக்கான் பாரு, முழு மறையாக்கம்னு. நடுவுல யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் அனுப்புமாம். ஸ்ரீரங்கத்துல மறைன்னா வேதம்மா! அதை மீறி எவன் பாப்பான்?" தம் ஜோக்குக்குத் தாமே சிரித்துக்கொண்டார். "தகவலைப் பாதுகாக்கப் புதுச் சட்டம் வேற வந்திருக்காம். சம்மதக் கையெழுத்து வாங்கணும். நீயே நல்லா டைப் அடிச்சுக் கொண்டா."

அடித்தாள். 'இத்தகவல் வேறு எதற்கும் பயன்படுத்தப்படாது.' அந்த மறையாக்கப் பூட்டு, தகவல் போகிற வழிக்குத்தான் காவல். போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கும் வாயைப் பூட்டாது என்று அவளுக்குத் தெரியும். மறுத்தால் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள் என்பதும் தெரியும். விவரத்தை அனுப்பிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை, கேட்டில் பட்டியல் ஒட்டியிருந்தது. பதினாறு குடித்தனம், பேர், நம்பர், ஊர். மேலே சிவப்பு மையில் 'ரகசியம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. அவள் அதைக் கிழித்தாள்.

"ஏம்மா கிழிக்கிறே? ரகசியம்னு எழுதியிருக்கேன்ல?"

"ரகசியத்தை யாராவது கேட்டுல ஒட்டுவாங்களா சார்?"

"தப்பு பண்றவங்கல்ல பயப்படணும்? மருங்காபுரியில என் சிநேகிதன் தங்கையனுக்கும் அனுப்பியிருக்கேன். உங்க ஊர்ப் பொண்ணு எங்க காம்பவுண்ட்லதான் இருக்குன்னு. சந்தோஷப்பட்டான். கவலைப்படாதே, அவன் போன்லயும் மறையாக்கம்தான்."

கிழித்த தாளை அவள் கையில் கசக்கினாள். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். முகமெல்லாம் உபகாரம் வழிய நிற்கிறாரே!

மதியம் புது நம்பரிலிருந்து போன் வந்தது. "மாடி வீடாமே?" என்றது பழகிய குரல்.

பொழுது சாய்வதற்குள் இரண்டு பைகளோடு அவள் இறங்கினாள். முருகானந்தம் கேட்டருகே நின்றிருந்தார்.

"திடீர்னு காலி பண்றியே! சரி, புது விலாசத்தை மறக்காம நம்ம காம்பவுண்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடும்மா."

ரஞ்சனி போனை எடுத்து, குரூப்பைத் திறந்து, அவர் கண்ணெதிரிலேயே அழுத்தினாள். அவர் சட்டைப்பைக்குள் இருந்த போனிலும் அந்த வரி வந்திருக்கும்: 'ரஞ்சனி வெளியேறினார்.'

தெருமுனைச் சாக்கடை வரை வாயில் ஊறியதை அடக்கிக்கொண்டு போய், காறித் துப்பினாள்.