சந்தனம் வைத்த மெமரி பெட்டி

தேன்மொழிக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்கும். பயம் வந்தால் காது சிவக்கும். சங்கரன்கோவில் கல்யாண மண்டபத்தில் அன்று காலை காது இரண்டும் பழுத்த மிளகாயாய் இருந்தன.

பெரிய கேமரா வாங்க வசதியில்லாமல், போனிலேயே வீடியோ எடுத்துப் பிழைக்கிறவள். வளைகாப்பு, காதுகுத்து என்று சுற்றிவந்தவளுக்கு முதல் கல்யாணம் இதுதான். மணப்பெண் ராஜகுமாரி கூடப் படித்தவள். மாப்பிள்ளை வீட்டோடு மல்லுக்கட்டி வாங்கிக்கொடுத்த வேலை. அதற்கென்றே புது மெமரி பெட்டி வாங்கியிருந்தாள். தீப்பெட்டி அளவுதான். போன் முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். குட்டி வயரின் ஒரு முனை பெட்டியில், மறுமுனை போனில். எடுப்பதெல்லாம் நேரே பெட்டியில் போய் விழும், வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் சிவராமலிங்கத்துக்குத்தான் இது பொறுக்கவில்லை. கிளம்பப்போகிற பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற குரல் அவருக்கு.

"ஏம்மா, கல்யாணத்த எடுக்க வந்தியா, செல்ஃபி எடுக்க வந்தியா? கேமரா எங்கன?"

"இதுதான் அண்ணாச்சி கேமரா."

"எங்க வீட்டு எரும கழுத்துல இதவிடப் பெரிய மணி கெடக்கு!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தேன்மொழி வயரைச் சொருகினாள். திரையில் பெட்டி தெரியவில்லை. கழற்றிச் சொருகினாள். அப்போதும் தெரியவில்லை. போனுக்குள்ளோ ஊசி நுழைய இடமில்லை. வாசுதேவநல்லூரில் முந்தின நாள் எடுத்த காதுகுத்து முழுக்க அதில்தான். இன்னும் அவர்களுக்குக் கொடுக்காததை எப்படி அழிக்க? மேடையிலிருந்து தாலித் தட்டு, எல்லாரும் தொட்டுக் கும்பிட, கீழே இறங்கிவிட்டது. திரும்பிப் போனால் கெட்டிமேளம்.

பெட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வயர் சொருகும் துளைக்குள் மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"எம்மா, பெட்டிய என்ன செஞ்ச?"

"என்ன செய்ய? புதுச் சாமான்லா, கோமதியம்மன நெனச்சு சந்தனம் வச்சேன்." அம்மா கோமதித்தாயின் குரல் கோயில் மைக் மாதிரி நிதானமாக வந்தது.

"முதுகுல வச்சத நாந்தான் தொடச்சேனே. ஓட்டையில எதுக்கு வச்ச?"

"அதுதானட்டி அதுக்கு வாசலு? வாசல்ல வைக்காம எங்கன வைக்க?"

தேன்மொழிக்கு மூக்கும் சேர்ந்து சிவந்தது. சேலையில் குத்தியிருந்த ஊக்குக்குக் கை போனது. இரும்பு உள்ளே கீறினால் பெட்டி காலி. தூணில் தொங்கிய குருத்தோலைத் தோரணத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவினாள்.

"அங்கன என்ன பல்லு குத்திக்கிட்டு நிக்க? தட்டு வந்துட்டும்மா!" சிவராமலிங்கம்தான் கத்தினார்.

சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஊதினாள். சொருகினாள். பெட்டி தெரிந்தது, கை அசைந்ததும் மறைந்தது. வயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். தெரிந்தது. அழுத்திய விரலோடு மேடையேறிப் பதிவை ஓடவிட்டாள்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

அட்சதை பறந்தது. அரிசி கண்ணில் அடித்தும் விரல் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து சிவராமலிங்கம் தோளால் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அண்ணாச்சி, இடிச்சியன்னா தாலி நிக்காது!"

வீடியோவைத்தான் சொன்னாள். மனுஷனுக்கு முகம் வெளிறிவிட்டது. சட்டென்று திரும்பி இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தை மறித்தார்.

"ஏலே, பின்னால போங்கலே! இந்தப் பிள்ளைய எவனும் தொடப்பிடாது!"

முதல் முடிச்சு. இரண்டாவது. மூன்றாவதை நாத்தனார் இறுக்கிப் போட்டாள். தேன்மொழி பதிவை நிறுத்தினாள். திரையில் சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. போட்டுப் பார்த்தாள். மூன்று முடிச்சும் இருந்தன.

"எம்மா, கைய எறக்கலாமா?" மாமன் திரும்பாமலே கேட்டார். இப்போது பஸ் ஸ்டாண்டுக் குரல் இல்லை.

"எறக்குங்க அண்ணாச்சி," என்றாள். அவள் கட்டைவிரல்தான் இன்னும் வயரை விடவில்லை.