கோரிமேட்டில் ஒரு மலிவு ரம்

மதராஸ் பஸ் புதுச்சேரி எல்லையில், கோரிமேட்டில் நிற்கிறது. இதற்கப்பால் மதுவிலக்கு. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடையில் நான்கு ரம்களை ருசி பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இருப்பதிலேயே மலிவானதுதான் அருமை. காய்ச்சிய வெல்லப்பாகின் மணம், தொண்டையில் எரிச்சலே இல்லை. "கேட்டா இருமல் மருந்துன்னு சொல்லிடுங்க" என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார்.

போலீஸ்காரர் ஏறி ஒவ்வொருவரையும் ஊதச் சொல்கிறார். நானும் ஊதுகிறேன்.

"இருமல் மருந்துங்க."

அவர் மறுபடி முகர்கிறார். "மருந்தா? வெல ஒசந்த சீமைச் சரக்காச்சே இது."

எனக்குப் பொறுக்கவில்லை. "சீமையாவது ஒண்ணாவது. உள்ளூர் ரம்முங்க, அந்தக் கடையிலயே மலிவு."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. அவர் என்னைப் பெட்டியோடு இறங்கச் சொல்கிறார். ஸ்டேஷனுக்கு நடக்கையில் மெதுவாகக் கேட்கிறார்:

"எந்தக் கடை?"