கரி பூசாத முகங்கள்

போன வாரம் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். கடைத் தம்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பவுடர் கூடிப்போச்சுலா அம்மா, கொஞ்சம் தொடச்சிடுங்க" என்றான். நான் துடைக்கவில்லை. படம் என்றால் பவுடர். எழுபது வயதில் எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே கொள்கை அதுதான்.

அந்த வாசனை வந்தாலே எனக்குக் கப்பல் கொட்டகை நினைவுக்கு வந்துவிடும். ரப்பர் விலை விழுந்த காலம். தாசேக் கெலுகோர் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவதற்காகப் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கொட்டகையில் எங்களைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். எனக்கு ஏழு வயது, தம்பி மணிக்கு மூன்று. அப்பா அதற்கு முன்பே ஈயச் சுரங்கத்தில் வேலை தேடி ஈப்போ பக்கம் போய்விட்டார். எங்கே படுத்து எங்கே எழுந்தாரோ, எழுதிப்போட விலாசம் கிடையாது. நாங்கள் தோட்டத்தை விட்டு வந்ததே அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் கோட்டுப் போட்ட கனவான் ஒருவர் சினிமா எடுக்கும் படப்பெட்டியோடு வந்தார். எங்கள் கஷ்டத்தைப் படமாக்கி ஊர் ஊராகக் காட்டப்போகிறாராம், ஈப்போவிலும். அம்மாவுக்கு அது போதும். "ஒங்கப்பா பாத்தா ஓடி வந்துருவாருடி" என்று எங்கள் இருவர் முகத்தையும் தோல் உரியத் தேய்த்துக் கழுவினாள். அம்மா மட்டுமா? கொட்டகையே தலைக்கு எண்ணெய் வைத்து, இருந்த ஒரு டப்பா பவுடரைப் பங்கு போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டார் மாதிரி வரிசையில் நின்றது. ஒரு ஜோடித் தோடு நாலு பெண்களின் காதில் ஏறி இறங்கியது.

கனவானுக்கு முகம் விழுந்துவிட்டது. "என்னம்மா இது, பட்டினி கெடக்குறவங்க மாதிரியே இல்லையே" என்றார். சிரிக்காதீர்கள், காலையிலிருந்து நாங்கள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அடுப்புக் கரியை எடுத்துப் பூசிக்கொள்ளச் சொன்னார். மற்றவர்கள் தயங்கித் தயங்கிப் பூசினார்கள். அம்மா மட்டும் மணியை இடுப்பில் வைத்தபடி அசையாமல் நின்றாள்.

"கரி பூசினா இவங்கப்பாவுக்கு எப்படிங்க அடையாளம் தெரியும்?"

"படம் ஒங்க வீட்டுக்காரருக்கு இல்லம்மா. இரக்கப்படுறவங்களுக்கு."

எங்களை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டார். எங்கள் இடத்தில் அவர் வீட்டுச் சமையல்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து நின்று, தொந்தியை எக்கிக்கொண்டு பட்டினி கிடந்தார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே கிடந்தார்.

அப்பா வராமல் கப்பலேற மாட்டேன் என்று அம்மா பினாங்கிலேயே தங்கி, ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவினாள். அந்த வருஷமே மணி காய்ச்சலில் போய்விட்டான். அதற்கும் ஒரு வருஷம் கழித்துத்தான் அப்பா எங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"ஈப்போத் திடல்ல அந்தப் படத்தப் பாத்தேன். ஒவ்வொரு மொகமா தேடினேன், நீங்க இல்ல. சரி, தோட்டத்துலயே நல்லா இருக்கீங்கன்னு நெனச்சேன். ஒரு வேல கெடச்சதும் போவோம்னு..." என்றார் அப்பா.

"மூஞ்சியக் கழுவிவிட்டது நான்தான்" என்றாள் அம்மா.

அந்தக் கோட்டுக்காரர் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். சமையல்காரரைப் பார்த்து ஈப்போவே அழுததாம். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். படம் எங்கே போனதோ தெரியாது. மணியை எந்தப் படத்திலும் யாரும் எடுக்கவில்லை. அவன் முகத்தை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், இப்போதெல்லாம் எனக்கே வரமாட்டேன் என்கிறது.